பிரசவத்துக்குப் பிந்தைய தலைவலி: தண்ணீரைக் குறைக்காதீர்கள்

ஏற்காட்டில் பிரசவித்துப் பத்து நாளான பெண்ணுக்கு விடாத தலைவலி என்று கேட்டதற்கு, "குளிர்காற்றில் தலையில் நீர் கோத்திருக்கும், தைலம் தேய்த்து, தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள்" என்று ஒரு அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் இது ஆபத்தான யோசனை.

மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளிலும் ரத்தம் கட்டியாக உறையலாம். இதைப் பெருமூளைச் சிரை உறைவு என்பார்கள். ரத்தம் வடிய வழியில்லாமல் தலைக்குள் அழுத்தம் ஏறும். பிரசவமான முதல் ஆறு வாரம் ரத்தம் எளிதில் உறையும் காலம். அப்போது தண்ணீரைக் குறைத்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்ற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

நாளுக்கு நாள் கூடும் வலி, படுத்தாலோ இருமினாலோ அதிகமாவது, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, மலையிறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண சிடி ஸ்கேனில் இந்த உறைவு தெரியாமலும் போகலாம். சிரைகளைக் காட்டும் எம்ஆர்ஐ அல்லது சிடி தேவைப்படும். சீக்கிரம் கண்டுபிடித்தால், ஹெப்பாரின் போன்ற உறைதடுப்பு மருந்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

அப்புறம், இது பிரசவித்தவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கருத்தடை மாத்திரை, காது சைனஸ் தொற்று, பரம்பரை உறைவுக் கோளாறு, புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். ஆடித் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.