18.12.2023 அன்று யாரும் மோக்காத தண்ணீர்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 2023 டிசம்பர் 18-ஆம் தேதி தாமிரபரணி ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6.9 மில்லிகிராம். என்னிடம் பிஎச்.டி. செய்யும் பெண் கொண்டுவந்து நீட்டிய அட்டவணையில் அப்படித்தான் இருந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள். கரையோரத் தெருக்காரர்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்த நாளில் படித்துறையில் இறங்கி பாட்டிலில் தண்ணீர் மோந்திருக்க யாராலும் முடியாது.

ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சீவலப்பேரி என்று ஐந்து இடங்கள், மாதம் ஒருமுறை. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரைந்த ஆக்சிஜனை நாங்கள் விங்க்ளர் முறையில் பார்க்கிறோம். 300 மில்லி பாட்டிலில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரைப் பிடித்து, கரையிலேயே அதற்குரிய இரண்டு கரைசல்களையும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பாக வீழ்படிவு இறங்கும். அப்புறம் ஆசிட் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் போட்டு, நீல நிறம் போகும்வரை பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட் விட வேண்டும். அதனால் ஒவ்வொரு வரியிலும் பியூரெட்டின் தொடக்க அளவு, முடிந்த அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். நவம்பர் வரியில் இருந்தன. ஜனவரி வரியிலும் இருந்தன. டிசம்பரில் அந்த இரண்டு கட்டமும் காலி. கடைசிக் கட்டத்தில் மட்டும் 6.9. நவம்பர் 6.8, ஜனவரி 7.0. கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறாள்.

"ஒரு மாசம்தானே மேடம். கிராஃப் நடுவுல அறுந்து நிக்கு. கமிட்டில கேப்பாங்கன்னு பயம்" என்றாள்.

இதையெல்லாம் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதுங்கள் என்று அவள்தான் சொன்னாள். அவள் சோம்பேறி இல்லை, பொய் சொல்லுகிற பெண்ணும் இல்லை. விடிகாலை பஸ் பிடித்துப் பாபநாசம் போய்விட்டு வருகிறவள். இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. ஆய்வு நெறி பற்றிய கோர்ஸ் வொர்க் தேர்வில் அவளுக்கு நல்ல மார்க். இல்லாத தரவை உண்டாக்குவதற்கும் இருக்கிற தரவைத் திருத்துவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாள். அந்தப் பேப்பரைத் திருத்தியது நான்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019 டிசம்பரில் அந்த ஆய்வு நெறிப் பாடத்தை எல்லா பிஎச்.டி. மாணவர்களுக்கும் கட்டாயமாக்கியது. இரண்டு கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகு. நல்ல பாடத்திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். நடத்துகிற விதத்தில்தான் கோளாறு. பெரும்பாலான இடங்களில் பிபிடி ஓடுகிறது, பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், அத்தோடு சரி. அவர்கள் மனதில் தங்குவது ஒரே ஒரு எண்: 10 சதவீதம். 2018-இல் வந்த விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆகவே "சாஃப்ட்வேர்ல போட்டாச்சு, எட்டுதான் வந்திருக்கு" என்றவுடன் பிள்ளைகளும் நிம்மதி அடைகிறார்கள், கைடுகளும் நிம்மதி அடைகிறார்கள். அந்த சாஃப்ட்வேர் வாக்கியத்தைத்தான் ஒப்பிடும். கொக்கிரகுளத்து 6.9 எந்த சாஃப்ட்வேரிலும் சிக்காது. அதைப் பிடிக்க நோட்டைத் திறந்து பார்க்கிற ஒரு ஆள் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்று ஓர் இளம் இயற்பியலாளர் இருந்தார். உலகமே கொண்டாடிய ஆள். வேறு வேறு சோதனைகள் என்று அவர் போட்ட வரைபடங்களில் இரைச்சல், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், புள்ளி பிசகாமல் ஒன்றாக இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். 2002-இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளைப் பார்த்து 16-இல் தவறு நடந்தது உறுதி என்றது. மூலத் தரவு எங்கே என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அழித்துவிட்டேன் என்றார். ஒழுங்கான ஆய்வக நோட்டும் இல்லை. இந்தக் கதையை எல்லா வகுப்பிலும் சொல்கிறோம், ஷோனைத் திட்டுகிறோம். அவர் கட்டுரைகளில் கூடப் பெயர் போட்டிருந்த பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல் தவறில்லை என்று குழு சொல்லிவிட்டது. சரி. ஆனால் அவர்களில் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் "நோட்டைக் கொண்டா தம்பி, பார்ப்போம்" என்று கேட்டிருந்தால்? இந்தக் கேள்வியைத்தான் நான் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். அந்த 6.9-ஐ நான் பார்த்தது 2024 ஜூலையில். நோட்டில் அது ஏழு மாதம் கிடந்திருக்கிறது.

பிள்ளைகள் நெறியைக் கைடிடம்தான் படிக்கிறார்கள், வகுப்பில் இல்லை. வேலையே செய்யாத ஒருவர் பெயரைக் கட்டுரையில் மூன்றாவதாகச் சேர்க்கச் சொல்லும்போது படிக்கிறார்கள். பணம் திரட்டியதோ மேற்பார்வை பார்த்ததோ மட்டும் ஆசிரியர் பெயருக்குத் தகுதி ஆகாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு எவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறது! நம் துறைகளில் அதை வாய்விட்டுச் சொல்ல எந்த ஸ்காலருக்குத் துணிச்சல் வரும்? ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிற கை நம்முடையது. அவர்கள் வாயடைத்து நிற்பதில் வியப்பில்லை. கட்டுரையில் பெயர் இடம் விலைக்கு என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிற காலம் இது. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. ஆனாலும் வேலைக்கு எண்ணிக்கைதான் கேட்கிறார்கள். பிள்ளைகள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

அந்த 6.9 மேல் ஒரே கோடு இழுக்கச் சொன்னேன், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் தேதி போட்டு, 'வெள்ளம், மாதிரி எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் நோட்டை மேஜை மேல் வைக்க வேண்டும், நான் உட்பட. வராத ரீடிங், உடைந்த பாட்டில், தப்பிப்போன டைட்ரேஷன், இதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டுத்தான் வந்த ரீடிங்குக்குப் போவோம். முதல் இரண்டு வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. இப்போது ஒரு மணி நேரம் போதவில்லை.

இன்னொன்றும் ஆரம்பித்தோம். யூஜிசியின் அந்த ஆறு அலகில் ஆய்வை ஊர்க்காரர்களிடம் சொல்லுவது ஓர் அலகாக இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்லும் போட்டியைத் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வறட்சி, மூன்று நிமிடத்துக்குள் குளித்து முடிக்க வீட்டுக்கு வீடு மணல் கடிகாரம் வைத்திருந்தார்களாம். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. நாங்கள் அதையே தமிழில், ஆற்றங்கரையில் வைத்துக்கொண்டோம். மேடை கிடையாது, ஸ்லைடு கிடையாது. எந்தத் தண்ணீரை எடுத்தோமோ அந்தத் தண்ணீரில் குளிக்கிறவர்களிடம் சொல்ல வேண்டும்.

போன வருடம் குறுக்குத்துறைப் படித்துறையில் இவள் முறை. 'கரைந்த ஆக்சிஜன்' என்று ஆரம்பித்ததும், துணி அலசிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, நீங்க பாட்டில்ல மோந்து மோந்துகிட்டுப் போறீயளே, இந்தத் தண்ணில குளிக்கலாமா கூடாதா? அதச் சொல்லுட்டி."

இரண்டு வருடத் தரவு அவள் கையில் இருக்கிறது. 'நல்ல தண்ணீர்தான்' என்று சொல்லியிருக்கலாம், ஆச்சிக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள்.

"நான் பாத்த கணக்குல மீனுக்கு மூச்சுவிடத் தோதாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா குளிச்சா நோய் வருமான்னு அத வச்சுச் சொல்ல முடியாது. அதுக்குக் கிருமிய எண்ணிப் பாக்கணும். நான் அதப் பாக்கல."

"அப்ப அத யாரு பாப்பா?"

மறுநாள் காலை நான் கல்லூரிக்குள் நுழையும்போது அவள் மைக்ரோபயாலஜி ஆய்வக வாசலில், கிருமி நீக்கிய பாட்டில் ஆறு கடன் கேட்டு நின்றுகொண்டிருந்தாள்.