செதுக்கியது ஒரு முகம்

நகைக் கலைஞர் வாலஸ் சான் செதுக்கிய ரத்தினம் ஒன்றின் படத்தை நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒளி புகும் கல்லுக்குள் ஐந்து முகங்கள். அவர் செதுக்கியதோ ஒன்றே ஒன்று. மற்ற நான்கும் கல்லின் பட்டைகள் காட்டும் பிம்பங்கள்.

சான் ஹாங்காங்கைச் சேர்ந்தவர். 1956இல் சீனாவின் ஃபூஜோவில் பிறந்து, 5 வயதில் ஹாங்காங்குக்கு வந்து, 16 வயதில் செதுக்கு வேலை கற்கப் போனவர். ஒரே ஃபிலிமில் பல முறை ஒளியைப் பதிக்கும் புகைப்பட உத்தி அவரைப் பிடித்து ஆட்டியது. அதைக் கல்லுக்குள் கொண்டுவர முயன்று, 1987இல் சாதித்தார். 'வாலஸ் கட்' என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது.

செய்முறையைப் படித்தபோது மெய்சிலிர்த்துப்போனேன். முகத்தைக் கல்லின் பின்புறத்தில் குழியாகத் தோண்டுகிறார். மூக்கு எடுப்பாகத் தெரியவேண்டுமானால் அங்கேதான் ஆழம் அதிகம் வேண்டும். இடம் வலமாகும், வலம் இடமாகும். கருவி, பல் மருத்துவர்கள் துளையிடப் பயன்படுத்துவதைத் திருத்தி அவரே அமைத்துக்கொண்டது. அதன் சூடு கல்லைக் கெடுத்துவிடும் என்பதால் தண்ணீருக்குள் வைத்துச் செதுக்கவேண்டும். தண்ணீருக்குள்ளோ கண்ணுக்கு எதுவும் தெளிவாகப் புலப்படாது. ஒரு கீறு கீறி, வெளியே எடுத்து, துடைத்து, பார்த்து, மறுபடி தண்ணீர். இப்படியே ஒரு முகம் முழுவதும்! நாம் முகம் என்று பார்த்து வியப்பது கல்லே இல்லாத இடத்தை.

நகை என்றால் எத்தனை சவரன், கல் என்றால் எத்தனை காரட் என்று கேட்டே பழகிவிட்டோம். தோண்டத் தோண்ட எடை குறைந்து அழகு கூடும் கல்லை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது? கைவேலையைத் தங்கத்துக்கு மேல் விழும் தண்டச் செலவாகவே நினைக்கிறோம் என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

ஒளியை ஆளும் வித்தை நம் ஆசாரிகளுக்கும் தெரியும். கெம்புக்கல்லின் அடியில் மெல்லிய தகடு வைத்துப் பின்பக்கத்தை மூடிவிடுவார்கள். உள்ளே போன ஒளி தகட்டில் பட்டுத் திரும்பும். கல் தணலாக எரியும். பாட்டி தன் கெம்புத்தோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் குளிப்பார். தண்ணீர் புகுந்தால் தகடு கறுத்துவிடும், கல் செத்துவிடும் என்பார்.

பின்னாளில் அம்மா அதை விற்கப் போனார். கடையில் கற்களைப் பெயர்த்து ஒதுக்கிவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்தார்கள். காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்த கற்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நேற்றிரவு அவற்றை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். தகடு இல்லாமல் மங்கிய சிவப்பாக இருந்தன.