பிள்ளைகளை வரைந்தாலே ஜெயிலா? சுற்றும் ஃபார்வேர்டில் எது உண்மை

'பிள்ளைகளைப் படமாக வரைந்தாலே ஜெயில். பினாங்கு சைக்கிள் சுவரோவியத்தையும் இந்தச் சட்டத்தில் அழிக்கலாம். தவழும் கண்ணன் காலண்டர்கூடக் குற்றம்.' கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

சொல்லப்படும் சட்டம், மலேசியாவின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017. படங்களைப் பொறுத்தவரை அது தடுப்பது, 18 வயதுக்குட்பட்டவரை வெளிப்படையான பாலியல் செயலில் காட்டும் சித்திரிப்பை. பினாங்கு ஆர்மீனியன் தெருச் சுவரில் இருக்கும் அந்தச் சைக்கிள் ஓவியத்தில் என்ன இருக்கிறது? நிஜ சைக்கிள் ஒன்று. அதன்மேல் வரைந்த அக்கா, பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கும் தம்பி. லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் வரைந்தது. இதில் சட்டத்துக்கு என்ன வேலை? கண்ணனுக்கும் அதே பதில்தான்.

ஸகாரெவிச்சின் ஓவியம் ஒன்று அழிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது ஜொகூர் பாருவில், 2013-இல். கைப்பையோடு லெகோ பொம்மை வடிவில் ஒரு பெண், மூலையில் கத்தியோடு கொள்ளைக்காரன்; ஊர் பெயர் கெடுகிறது என்று வெள்ளையடித்தார்கள். சட்டம் வருவதற்கு 4 ஆண்டு முன்பு! குழந்தைப் பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, 'கலை என்றால் எதையும் வரையலாம்' என்று எதிர்வாதம் பேசுவோரும் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு கேமரா தேவையில்லை, கையால் வரைந்ததும் அடங்கும். அப்படிப்பட்ட படத்தை உருவாக்கினால் 30 ஆண்டு வரை சிறை, பிரம்படி. வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம்.