சொல்லாமல் நழுவ வேண்டாம்
முதன்முதலாகப் பள்ளியில் விடும் பிள்ளை அழாமலிருக்க, ‘பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சத்தமில்லாமல் நழுவிவிடுங்கள்’ என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அம்மா எந்த நிமிடமும் மாயமாகிவிடுவாள் என்று தெரிந்துகொண்ட பிள்ளை மறுநாள் வாசலிலேயே புடவையைப் பிடித்துக்கொள்ளும். என் மகளை எல்கேஜியில் விட்டபோது, ‘சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த வயதில் மணிக்கணக்கு புரியாது, சாப்பாட்டு நேரம் புரியும். அழுவாள்தான், ஆனால் நான் தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடுவாள் என்று ஆயாம்மா சொல்வார். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதுதான் நமக்குக் கஷ்டம். அங்கன்வாடி போன பிள்ளைகள் அழுவதில்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, கூட்டத்தில் உட்காரப் பழகியிருப்பார்கள்; ஆனால் அங்கே மதியம் தூங்கலாம், ஒன்றாம் வகுப்பில் அது நடக்காது. அப்புறம், டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்கவும் ‘ஒன்னுக்கு வருது மிஸ்’ என்று கூச்சமில்லாமல் கேட்கவும் ஜூனுக்கு முன்பே வீட்டில் பழக்குங்கள்.