மிச்சமான நேரம் சம்பளப் பட்டியலில் எங்கே?

புது சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்டு வரும் எக்செல் ஷீட் எதைத் திறந்தாலும் இதே கணக்குதான். 40 பேர், ஆளுக்கு தினம் 15 நிமிஷம் மிச்சம், மாதம் 25 நாள், ஆக 250 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் போட்டு, 50,000 லாபம் என்று எழுதிவிடுகிறார்கள். எங்கே அந்தப் பணம்? சம்பளமும் குறையவில்லை, ஓவர்டைமும் குறையவில்லை. துண்டு துண்டாகக் கிடைக்கும் 15 நிமிஷத்தில் கூடுதலாக ஒரு வேலையும் முடியாது.

கைக்கு வரும் பணத்தை அளந்தால் என்ன? சரக்கு கிளம்பி 6 நாள் கழித்துப் போன இன்வாய்ஸ் இப்போது 2 நாளில் போகிறதா என்று பாருங்கள். தினசரி விற்பனை 5 லட்சம் என்றால், 4 நாளுக்கு 20 லட்சம் முன்னதாகவே வசூலாகும். ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் பேங்க் தரும் கடன்) வட்டி 12 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 2.4 லட்சம் மிச்சம். பேங்க் ஸ்டேட்மென்டிலேயே தெரியும்.

ஆனால் அந்த 6 நாளை யாருமே குறித்து வைப்பதில்லை! பழைய முறை ஓடும்போதே 3 மாதத்துக்கு சலான் (சரக்கோடு போகும் சீட்டு) தேதியையும் இன்வாய்ஸ் தேதியையும் எழுதி வைத்திருக்க வேண்டும். பிறகு தேடினால் சலான் கட்டில் பாதி இருக்காது.

அந்த எக்செல் ஷீட்டின் செலவுப் பக்கமும் லைசென்ஸோடு நின்றுவிடுகிறது. பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து ஏற்றுவது, பயிற்சி, ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) எதுவும் அதில் இல்லை. முதல் இரண்டு மாதம் பழைய நோட்டும் புது சிஸ்டமும் சேர்ந்தே ஓடும். அந்த இரட்டை வேலைக்கு ஒரு வரிகூடக் கிடையாது.