அண்ணனை லீக்கை விட்டு நீக்கலாம் என்பவர்களுக்கு

எங்கள் ஃபேண்டஸி ஃபுட்பால் குரூப்பில் ஒரு வாரமாக இதே பேச்சு. அடுத்த டிராஃப்டுக்கு முன்னால் அண்ணனை எடுத்துவிட்டு வேறு ஆளைச் சேர்க்க வேண்டுமாம். "அவர் சீரியஸா ஆடறதில்லை" என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர்களை, சீசனுக்கு முன்னால் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்து எங்களுக்குள் பிரித்துக்கொள்வோம். அதுதான் டிராஃப்ட். நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஓடும் யார்டும் போடும் டச்டவுனும் எங்கள் அணிக்குப் புள்ளி. 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக் சிலரோடு உட்கார்ந்து இதற்கு விதி எழுதினார். மறுவருஷம் நடந்த டிராஃப்டில் முதலில் போனவர் ஜார்ஜ் பிளாண்டா. அவர் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), கூடவே கிக்கர் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்).

அண்ணன் பிடித்துக்கொண்டது அந்தக் கிக்கர் இடத்தைத்தான். எல்லோரும் கடைசி ரவுண்டில் எடுக்கிற கிக்கரை 14 வருஷமாக அவர் மூன்றாவது ரவுண்டில் எடுக்கிறார். கணக்குப்படி தப்புதான், முதல் கிக்கருக்கும் பத்தாவது கிக்கருக்கும் புள்ளியில் பெரிய வித்தியாசம் வராது. நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டார். காயப் பட்டியலில் பேர் வந்த ஆளை ஆடவும் விடமாட்டார். "வலியோட ஓடுறவன் புள்ளி எனக்கு வேண்டாம்ப்பா" என்பார்.

2018இல் லெவியான் பெல்லை எடுத்தார். அண்ணன் மட்டுமா, எத்தனையோ லீக்கில் முதல் சில பேருக்குள் போன ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பெல். சம்பளத் தகராறில் பெல் வரவே இல்லை. நவம்பர் 13, கையெழுத்துப் போடக் கடைசி நாளும் போனது. அன்று ராத்திரியே யாராயிருந்தாலும் அவரைக் கழற்றிவிட்டிருப்பார்கள். அண்ணன் சீசன் முடியும்வரை பெஞ்சில் வைத்திருந்தார். "அவன் தன் கூலிக்காக நிக்கிறான், நான் எதுக்குக் கைவிடணும்?" பெல் இடத்தில் ஓடிய ஜேம்ஸ் கானர் என் அணியில்தான் இருந்தார். டிரேட் செய்யச் சொல்லி அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்றால், சரி, இருக்கட்டும். லீக்கைக் கொல்வது இதுவா? நாலு ஆட்டம் தோற்றதும் அக்டோபரிலேயே எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் கொல்கிறது. பை வீக்கில், அதாவது நிஜ அணியின் ஓய்வு வாரத்தில், ஆட்டமே இல்லாத மூன்று பேரை லைன்அப்பில் அப்படியே விட்டுவைத்தால் எதிராளிக்கு இனாம் வெற்றி. அந்த இனாமில் வேறொருவரின் பிளேஆஃப் (இறுதிச் சுற்று) வாய்ப்பு போகிறது. இப்போது அண்ணனை நீக்கச் சொல்கிறவர்களில் இரண்டு பேர் போன வருஷம் இதைச் செய்தவர்கள்.

அண்ணன் அந்த வருஷம் 11 தோல்வி. கடைசி வாரம் எனக்கு எதிராக ஆட்டம், அவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை. வியாழக்கிழமை எனக்கே போன் செய்து, "ஞாயிற்றுக்கிழமை அங்க காத்து எப்படியிருக்கும், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கிக்கருக்காக. நானும் பார்த்துச் சொன்னேன். கடைசி நிமிஷம் அந்தக் கிக்கர் ஐம்பது யார்டுக்கு மேலிருந்து உதைத்தார், அண்ணனுக்கு ஐந்து புள்ளி. இரண்டு புள்ளியில் நான் தோற்று வெளியே போனேன். ஒரு நாள் முழுக்க எரிச்சல். ஆனால் என்னை ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்து ஜெயித்திருக்கிறார் என்ற மதிப்பு இன்னும் போகவில்லை.

லீக்கை நடத்தும் கமிஷனர் ஓட்டெடுப்பு வைக்கட்டும். முதலில் லைன்அப்பைக் காலியாக விடுகிறவர்களுக்கு ஒரு விதி போடுங்கள், அதற்கு என் ஓட்டு உண்டு. அண்ணனை நீக்கினால் என் அணிக்கும் சேர்த்து ஆள் தேடிக்கொள்ளுங்கள்.