ஐம்பது பவுனும் இருநூறு ரூபாயும்

கல்லாப்பெட்டியை ஒதுங்க வைக்கும்போது அடியில் ஒரு ரசீது கிடந்தது. முகக்கவசம் அணியாததற்கு அபராதம் 200 ரூபாய். 2020 அக்டோபர் தேதி. கோரிப்பாளையத்தில் ஒரு டீக்கடை வாசலில், டீ குடிக்க மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிய நேரம் பார்த்து வந்து பிடித்தார்கள். டீ பத்து ரூபாய், தாடைக்கு இருநூறு. மறுபேச்சுப் பேசாமல் கட்டிவிட்டு வந்தேன். மாஸ்க் இல்லாவிட்டால் 200, எச்சில் துப்பினால் 500, இடைவெளி விடாமல் நின்றால் 500 என்று அதற்கு முந்தின மாதம்தான் அரசு விலைப்பட்டியல் மாதிரி போட்டிருந்தது.

ராத்திரி லண்டனில் இருக்கும் அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். ரசீதைக் காட்டினேன். "இதென்ன மாமா, இங்க பிரதமருக்கே அம்பது பவுண்டு ஃபைன் போட்டாய்ங்க" என்றான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டாள். "அம்பது பவுனா? ஆத்தாடி, அம்புட்டுப் பெரிய தப்பு என்னத்தப் பண்ணுனாரு?"

பவுன் இல்லம்மா, பவுண்டு, நம்ம காசுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் என்று விளக்கினேன். பிறந்தநாளுக்கு ஆபீசில் ஆட்களைக் கூட்டிக் கேக்கோடு கொண்டாடினார், அப்போது அங்கே ஊரடங்கு, நாலு சுவருக்குள் அப்படிக் கூடக் கூடாது, அதுதான் தப்பு என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவுக ஊருல பெரிய மனுசனுக்கும் ரசீது கிழிப்பாகளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தேதியைத் தேடிப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது.

போரிஸ் ஜான்சனின் அந்தப் பிறந்தநாள் 2020 ஜூன் 19. அவருக்கு 56 வயது. மந்திரி சபை கூடும் அறையில் மத்தியானம் கொண்டாட்டம். அதே ஜூன் 19 சாயங்காலம்தான் நம்ம சாத்தான்குளத்தில் செல்போன் கடைக்காரர் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பின்னாலேயே மகனும் போனார். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று வழக்கு. ஜூன் 22 ராத்திரி மகன் இறந்தார், விடிந்தால் 23, அப்பா இறந்தார். நம்ம ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளைதான் அதைத் தானாக எடுத்து விசாரித்தது. கொலை வழக்கு விசாரணையும் மதுரைக்குத்தான் வந்தது.

ஒரே நாள். ஒரே நோய்க்குப் போட்ட விதி. ஒருத்தருக்கு ஐம்பது பவுண்டு, அதுவும் கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கழித்து, 2022 ஏப்ரலில். இன்னொரு வீட்டில் ரெண்டு பிணம், நாலே நாளில்.

வெள்ளைக்காரன் யோக்கியன், நாம்தான் மோசம் என்று சொல்ல வந்ததாக நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் கூத்துக்குக் குறைவில்லை. ஜான்சனுக்கு வலது கையாக இருந்த டொமினிக் கம்மிங்ஸ், நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது குடும்பத்தோடு 400 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிச் சொந்த ஊருக்குப் போனார். அங்கிருந்து இன்னொரு நாள் ஒரு கோட்டை ஊருக்கும் போய் வந்தார். ஏனய்யா போனாய் என்று கேட்டால், கண் பார்வை சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன் என்றார். பொண்டாட்டி பிள்ளையை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு கண் டெஸ்ட்! நம்ம ஊர் வட்டச் செயலாளருக்குக்கூட இப்படி ஒரு பதில் தோன்றாது. அவருக்கு அபராதமும் இல்லை, அப்போது வேலையும் போகவில்லை. ஜான்சனும் கேக்குக்காக மறுநாளே நாற்காலியைவிட்டு இறங்கிவிடவில்லை. 2022 ஜூலையில் அவர் விழுந்தது வேறொரு ஆளைக் காப்பாற்றப் போன விவகாரத்தில். ஆனாலும் அவர் தலைமைச் செயலகத் தெருவில் நடந்த கூத்துகளுக்கு லண்டன் போலீஸ் 83 பேருக்கு 126 அபராதம் போட்டது. அப்போது நிதி மந்திரியாக இருந்து பின்னால் பிரதமரான ரிஷி சுனக் பெயரும் அதில் உண்டு. பார்லிமெண்ட் கமிட்டி ஒன்று ஒரு வருசம் தோண்டி, சபையில் ஜான்சன் சொன்னது உண்மை இல்லை என்று 2023 ஜூனில் எழுதி வைத்தது. அதற்குச் சில நாள் முன்னால் அவர் எம்.பி. பதவியையே விட்டுவிட்டார்.

அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் தலைக்கேறியது எதனால் என்று அக்கா மகனிடம் கேட்டேன். கேக்கைவிட அவர்களைச் சுட்டது ஒரு கேதம் என்றான். 2021 ஏப்ரலில் ராணியின் கணவர் இறந்தார். முப்பது பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அடக்கத்தன்றைக்கு ராணி கறுப்பு மாஸ்க்கோடு ஒரு வரிசையில் ஒத்தையாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின ராத்திரி பிரதமர் ஆபீசில் ரெண்டு பார்ட்டி. பிரதமர் அன்றைக்கு அங்கே இல்லை. ஆனால் ஆபீஸ் அவருடையது. பின்னால் அரண்மனைக்கு மன்னிப்புச் சொல்லி அனுப்பினார்கள்.

கேதம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது.

2020 மார்ச் 25 விடியற்காலை, தமிழ்நாட்டின் முதல் கொரோனாச் சாவு எங்கள் பெரியாஸ்பத்திரியில்தான் நடந்தது. அதனால் மதுரைக்காரர்களுக்குப் பயம் மற்ற ஊரைவிட ஒரு பிடி அதிகம். சொன்னதைக் கேட்டோம். மீனாட்சி கல்யாணத்தை மே 4-ஆம் தேதி செல்போனில் பார்த்துக்கொண்டே பெண்கள் வீட்டில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் அந்த வருசம் ஆற்றுக்கு வரவே இல்லை. சித்திரையில் அழகர் வராத மதுரையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜூன் 24-லிருந்து முழு ஊரடங்கு, முதலில் ஒரு வாரம் என்றார்கள், அப்புறம் ஜூலை 5 என்றார்கள், அப்புறம் ஜூலை 12.

அந்த ஜூலை முதல் வாரத்தில்தான் அருப்புக்கோட்டையில் அம்மாச்சி இறந்தது. அம்மாவுக்கு அம்மா. போக வேண்டிய தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் மாவட்ட எல்லை, எல்லைக்கு இ-பாஸ். சாவுக்குப் பாஸ் உண்டு, ஆனால் இறப்புக்கு அத்தாட்சி கேட்டார்கள். வீட்டில் தூக்கத்தில் போன கிழவிக்கு அந்தக் காலையில் யார் அத்தாட்சி தருவது? மாமா வி.ஏ.ஓ.வைத் தேடிப்பிடித்து ஒரு தாள் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஏற்றினேன். நிராகரிப்பு. மறுபடி ஏற்றினேன். நிராகரிப்பு. பார்ப்போம் என்று அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். செக்போஸ்ட்டில் ஒரு சின்னப் பையன் போலீஸ். "எங்க அம்மாய்யா, வாய்க்கரிசி போட்டுட்டு உடனே திரும்பிருவேன்யா" என்று அம்மா கும்பிட்டாள். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. "பாஸ் இல்லாம விட்டா என் வேலை போயிரும்மா" என்றான். அவன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

திரும்பி வந்தோம். மத்தியானம் தூக்கிவிட்டார்கள். நீர்மாலை, கோடி போட்டது, மற்ற பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றியது எல்லாம் செல்போனில் விட்டு விட்டுத் தெரிந்தது. நான் பிடிக்க வேண்டிய பந்தம். முந்தானையில் முடிந்து எடுத்துப்போன அரிசியை அம்மா பானையில் கொட்ட மாட்டேன் என்றுவிட்டாள். மொட்டைமாடியில் காக்காய்க்குப் போட்டாள்.

நாலாவது நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் பகுதிக் கட்சிப் பிரமுகர் ஒருத்தர், அதே அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கேதத்தில் மலர்வளையம் வைக்கிறார். சுற்றி அறுபது பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் முகத்தில் மாஸ்க் இல்லை, இருந்தவர்களும் போட்டோவுக்கு இறக்கியிருந்தார்கள். வாசலில் அஞ்சாறு கார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் கமெண்ட்டில் அந்தக் கட்சிக்காரர்கள் வந்து மற்றக் கட்சிக்காரர் போன கேதத்து போட்டோவைப் போடுவார்கள். ரெண்டும் உண்மையாகத்தான் இருக்கும்.

அம்மா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "இந்தா தெரியுதுல்ல தண்ணித் தொட்டி, இதுக்கு அடுத்த தெருதான்டா அம்மாச்சி வீடு" என்றாள்.

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் செல்லூரில் மைக் செட், பந்தல், சேர் வாடகைக் கடை. பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. 2020-ல் அந்த அஞ்சு மாதமும் குழாயெல்லாம் பரணில் தூங்கியது. ஜெனரேட்டரை விற்றுத்தான் வட்டி கட்டினேன். மறுபடி அடுப்பெரிந்தது எப்போது தெரியுமா? 2021 சட்டமன்றத் தேர்தல் கூட்டம் தொடங்கியபோது. கல்யாணத்துக்கு இத்தனை பேர், சாவுக்கு இத்தனை பேர் என்று தலையை எண்ணிய நாட்டில் கட்சிக் கூட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு சேர் கேட்டு அட்வான்ஸ் வந்தது. வாங்கிக்கொண்டேன். "முன்னாடி நாலு வரிசை மட்டும் தள்ளித் தள்ளிப் போடுங்கண்ணே, போட்டோவுக்கு" என்றார்கள். போட்டேன். பின்னால் முட்டி முட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்தில் நின்றவர்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாக் கட்சிக்கும் போட்டேன். பெரிய தலைவர்கள் வந்த கூட்டமெல்லாம் என் மாதிரிச் சின்னக் கடைக்கு வராது. ஆனால் அந்த ஏப்ரல் 2-ஆம் தேதி பிரதமரே மதுரைக்கு வந்து பேசிவிட்டுப் போனார். ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு. விரல் மை காயவில்லை, ரெண்டே நாளில் அறிவிப்பு: 10-ஆம் தேதி முதல் திருவிழாக்களுக்குத் தடை. ரெண்டாவது வருசமும் அழகர் வரவில்லை. என் குழாய் மறுபடி பரணுக்குப் போனது.

அந்த ஏப்ரல் 26-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, பிரசாரக் கூட்டங்களைத் தடுக்காத தேர்தல் கமிஷன்மேல் கொலை வழக்கே போடலாம் போல என்று வாய்விட்டுச் சொன்னார். அது கடுமையான வார்த்தை என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொல்லியது. கடுமைதான். ஆனால் அந்த மே மாதம் தத்தனேரிச் சுடுகாட்டுப் பக்கம் வண்டியில் போனவர்களுக்கு அது கடுமையாகப் பட்டிருக்காது. சேர் போட்ட எனக்கு அந்த வார்த்தை உள்ளே எங்கேயோ குத்தியது.

எனக்குத் தீராமல் இருக்கிற கோபம் இன்னொன்று. அதைப் பற்றி யாரும் பேசிப் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய நேரம், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தென்காசிப் பக்கம் பிரசாரத்தில் அறிவித்தார்: ஊரடங்கு மீறலுக்காகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகள் ரத்து. போலி இ-பாஸ் எடுத்தவர்கள், போலீசைத் தாக்கியவர்கள் மாதிரிச் சிலருக்கு மட்டும் விலக்கில்லை. கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். பறிமுதலான வண்டிக்குக் கோர்ட்டுக்கு அலைந்த எத்தனையோ பேருக்கு அது நிம்மதிதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். விதியைப் போட்டவர்கள் மீறினார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய மேடையில் நின்றுகொண்டு நமக்கு மன்னிப்பு வழங்கினார்கள். பத்து லட்சம் பேர் கணக்கை அழித்தபோது அவர்கள் கணக்கும் சேர்ந்து அழிந்துபோனது. இனி யாராவது மலர்வளையப் போட்டோவைக் காட்டிக் கேட்டால், "உங்க மேல இருந்ததையே எடுத்துட்டோமே" என்று பதில் சொல்லலாம். லண்டனில் அந்த ஐம்பது பவுண்டு பெரிய தண்டனையே இல்லை. ஆனால் ஒரு தாளில் பேர் போட்டு, இந்தத் தேதி, இந்த இடம், இந்த மீறல் என்று எழுதியிருக்கிறது. எனக்கும் அப்படி ஒரு தாள் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பெரிய மனுசர்கள் ஒருத்தரிடமாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மார்ச்சில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். வேட்பாளரோடு அந்தப் பிரமுகரும். வாசலில் நின்று அம்மாவைக் கும்பிட்டார். நான் ஆட்டோப் பக்கம் நின்றிருந்தேன்.

"ஏப்பா தம்பி, ஆடி பொறக்குறதுக்கு முந்தி அருப்புக்கோட்டைக் கேதத்துக்கு வந்திருந்தியே, ஒனக்கு பாஸ் யாரு குடுத்தா?" என்று கேட்டாள் அம்மா.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் சிரித்தார். "ஆத்தா, அதெல்லாம் பழைய கதை ஆத்தா. அம்புட்டு வழக்கையும் வாபஸ் வாங்கியாச்சுல்ல. இனி யாரு மேலயும் ஒண்ணும் கெடையாது."

"என் மேலதான் வழக்கே இல்லியேப்பா. நான் போகவே இல்லியே" என்றாள்.

வேட்பாளர் நோட்டீசை நீட்டினார். அம்மா வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆட்டோவில் மைக் பிடித்திருந்த பையன் என்னைப் பார்த்து, "அண்ணே, சத்தம் பத்தல, கொஞ்சம் கூட்டுங்கண்ணே" என்றான். என் குழாய்தான், என் ஆம்ப்ளிஃபயர்தான். கூட்டி வைத்தேன்.